ஒரு தட்டுச் சோறு, ஏழு சொட்டு இரத்தம்

இன்று மத்தியானம் சாப்பிட உட்காரும்போது, கறி எதுவும் சேர்க்காமல் ஒரு வாய் வெறுஞ்சோற்றை மட்டும் எடுத்து மெல்லுங்கள். உடனே விழுங்கிவிடாதீர்கள். ஐம்பது, அறுபது தடவை மெதுவாக மென்றுகொண்டே இருங்கள். முதலில் சப்பென்று இருந்த சோறு கொஞ்ச நேரத்தில் இலேசாக இனிக்கத் தொடங்கும். யாரும் அதில் சீனி போடவில்லை. அப்படியானால் அந்த இனிப்பு எங்கிருந்து வந்தது?

சோற்றில் பெரும்பங்கு மாப்பொருள். மாப்பொருளை ஒரு நீண்ட மணிமாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் கோத்திருக்கும் ஒவ்வொரு மணியும் ஒரு குளுக்கோசு. மாலை முழுதாக இருக்கும்வரை நாக்குக்கு இனிப்புத் தெரியாது. உமிழ்நீரிலே அமிலேசு என்றொரு நொதியம் இருக்கிறது. அது மாலையைச் சின்னத் துண்டுகளாக அறுக்கிறது. துண்டானதும் நாக்கு இனிப்பைக் கண்டுபிடித்துவிடுகிறது. மிச்ச மாலை சிறுகுடலில் அறுபட்டு, மணிகள் ஒவ்வொன்றாக இரத்தத்தில் கலக்கின்றன. சோறு, இடியப்பம், பிட்டு, பாண், ஒடியற்கூழ் எல்லாவற்றிலும் இருப்பது இந்த மாலைதான்.

வளர்ந்த ஒருவரின் உடம்பில் சுமார் ஐந்து லீற்றர் இரத்தம் ஓடுகிறது. காலையில் வெறும் வயிற்றோடு இருக்கும்போது அவ்வளவு இரத்தத்திலும் உள்ள குளுக்கோசை எல்லாம் சேர்த்து எடுத்தால் ஏறத்தாழ ஒரு தேக்கரண்டிதான் வரும். ஒரு தட்டுச் சோறோ அதைப்போலப் பத்து மடங்கைக் கொண்டுவந்து கொட்டுகிறது. அப்போது சதையியிலிருந்து இன்சுலின் சுரந்து, வந்த குளுக்கோசைத் தசைக்கும் ஈரலுக்கும் அனுப்புகிறது. இன்சுலின் போதாமற் போனாலோ, சுரந்தும் உடம்பு அதற்குச் சரியாகப் பணியாவிட்டாலோ, குளுக்கோசு இரத்தத்திலேயே தேங்கிவிடும். வீட்டில் பெரியவர்கள் ‘சீனி வருத்தம்’ என்று சொல்லும் நீரிழிவு இதுதான். 2018, 2019 காலப்பகுதியில் இலங்கை முழுவதும் நடந்த ஒரு பெரிய ஆய்வு, வளர்ந்தவர்களில் 100 பேருக்குச் சுமார் 23 பேர் நீரிழிவோடு இருப்பதாகக் காட்டியது. ஏறக்குறைய நாலுபேருக்கு ஒருவர்!

அதனால்தான் நம்முடைய வீடுகளில் சாப்பாட்டைப் பற்றி இவ்வளவு பேச்சு. ‘குரக்கன் பிட்டுச் சாப்பிட்டால் சீனி ஏறாது’ என்பார் மாமா. ‘சோற்றைத் தொடவே கூடாது’ என்று கைத்தொலைபேசியில் ஒரு செய்தி வரும். ‘ஒடியலைப்போல ஒரு சாப்பாடு உலகத்திலேயே இல்லை’ என்று அம்மம்மா அடித்துச் சொல்வார். இவற்றில் எது சரி? சொன்னவரின் வயதையோ, செய்தி எத்தனை பேருக்குப் போனது என்பதையோ வைத்து முடிவெடுக்க முடியாது. அதைச் சாப்பிட்ட மனித உடம்பில் அளந்து பார்க்க வேண்டும்.

அளக்க ஒரு வழி இருக்கிறது. கனடாவின் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஜென்கின்சும் அவருடைய குழுவினரும் 1981இல் அறிமுகப்படுத்திய முறை அது. பத்துப் பேரளவில் ஆரோக்கியமானவர்கள் முதல்நாள் இரவுச் சாப்பாட்டோடு வாயைக் கட்டிக்கொண்டு, காலையில் வெறும் வயிற்றோடு வருவார்கள். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் குளுக்கோசை அளப்பார்கள். பிறகு, சமிபாடு அடையக்கூடிய மாப்பொருளும் சீனியும் சேர்ந்து சரியாக 50 கிராம் இருக்கும்படி நிறுத்த உணவைக் கொடுப்பார்கள். சாப்பிடத் தொடங்கியதிலிருந்து 15, 30, 45, 60, 90, 120 நிமிடங்களில் மறுபடியும் ஒவ்வொரு சொட்டு. மொத்தம் ஏழு சொட்டுகள்.

இந்த ஏழு அளவுகளையும் கட்டம்போட்ட தாளில் புள்ளிகளாகக் குறித்து இணைத்தால், ஏறி இறங்கும் ஒரு வளைகோடு கிடைக்கும். தொடங்கிய மட்டத்துக்கு மேலே, அந்தக் கோட்டுக்குள் எத்தனை சின்னக் கட்டங்கள் அடங்குகின்றன என்று எண்ண வேண்டும். நீங்கள் கணித பாடத்தில் பரப்பளவு காணும் அதே வேலைதான். வேறொரு நாளில் அதே ஆளுக்கு 50 கிராம் குளுக்கோசைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, அந்தக் கோட்டின் பரப்பையும் காண்பார்கள். குளுக்கோசின் பரப்பை 100 என்று வைத்தால் உணவின் பரப்பு எவ்வளவு? அந்த எண்தான் அவ்வுணவின் கிளைசீமிக் சுட்டி. 55 அல்லது அதற்குக் கீழே என்றால் குறைவு, 70 அல்லது அதற்கு மேலே என்றால் அதிகம். பத்துப் பேரின் எண்களையும் சேர்த்துச் சராசரி எடுப்பார்கள். ஏனென்றால் ஒரே பிட்டு இரண்டு பேருடைய உடம்பில் ஒரே கோட்டை வரைவதில்லை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடத்தின் உயிர் இரசாயனத் துறையினர் வடபகுதியின் பாரம்பரிய உணவுகளை இந்த முறையில்தான் அளந்தார்கள். பின்னாளில் அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்த பேராசிரியர் வசந்தி அரசரட்ணம் அந்தக் குழுவில் ஒருவர். எனக்கு இது பெரிய விசயமாகப் படுகிறது. வெளிநாட்டு அட்டவணைகளில் உருளைக்கிழங்கு இருக்கும், ஓட்ஸ் இருக்கும். நம்முடைய அடுப்பில் வேகும் பிட்டையும் கூழையும் நாம் அளக்காவிட்டால் வேறு யார் அளக்கப்போகிறார்கள்?

சாப்பாட்டை மனித உடம்பில் சோதிப்பது இன்று தொடங்கியதல்ல; சோற்றைச் சோதித்த ஒரு பழைய கதை இருக்கிறது. அதில் நம்மவர்களின் சாப்பாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

நூறு வருடத்துக்கு முன்னர் யாழ்ப்பாணத்திலிருந்து பலர் மலாயாவுக்குப் போய்ப் புகையிரதப் பகுதியிலும் அரச கந்தோர்களிலும் வேலை செய்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போன தொழிலாளர்களோ தோட்டங்களில் வேலை செய்தார்கள். அந்த நாட்களில் அங்கே பெரிபெரி என்ற நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கால்கள் மரத்துப்போகும், வீங்கும், கடைசியில் இதயமே தளர்ந்துவிடும். அது தொற்றுநோயா, நஞ்சா என்று வைத்தியர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். ஒன்று மட்டும் அவர்கள் கண்ணில் பட்டது. இன்று தாய்லாந்து எனப்படும் சியாமிலிருந்து வந்த, நன்றாகத் தீட்டிய வெள்ளைப் பச்சையரிசியைச் சாப்பிட்ட சீனத் தொழிலாளர்களை அந்நோய் வாட்டியது. புழுங்கலரிசிச் சோறு சாப்பிட்ட தமிழர்களை அது பெரும்பாலும் தொடவில்லை. பிராடன் என்ற வைத்தியர், குற்றம் அரிசியில்தான் இருக்க வேண்டும் என்று வாதாடினார்.

வாதாடினால் போதுமா? சீனருக்கும் தமிழருக்கும் இடையில் வீடு, வேலை, பழக்கவழக்கம் எல்லாமே வேறு. வித்தியாசம் அரிசியால்தான் வந்தது என்று எப்படி நிரூபிப்பது? கோலாலம்பூர் மனநோய் வைத்தியசாலையில் இருந்த வில்லியம் பிளெச்சர் என்ற வைத்தியர் 1905 டிசெம்பரில் ஒரு காரியம் செய்தார். நோயாளிகளை வரிசையாக நிற்கவைத்து எண்ணச் சொன்னார். ஒற்றை எண் வந்தவர்கள் ஒரு விடுதிக்கு, இரட்டை எண் வந்தவர்கள் இன்னொரு விடுதிக்கு. ஒரு பக்கத்துக்கு வழக்கமான தீட்டிய அரிசி, மறுபக்கத்துக்குப் புழுங்கலரிசி. மற்றபடி எல்லாச் சாப்பாடும் ஒன்றுதான். ‘விடுதிக் கட்டடத்தில் ஏதாவது கோளாறோ’ என்ற சந்தேகமும் வரக்கூடாது என்று, பாதியில் இரண்டு கூட்டத்தையும் விடுதி மாற்றியும் பார்த்தார்.

ஒரு வருடம் போனது. தீட்டிய அரிசி சாப்பிட்ட 120 பேரில் நாலில் ஒரு பங்குக்கு மேற்பட்டோருக்குப் பெரிபெரி வந்தது. 18 பேர் இறந்துபோனார்கள். புழுங்கலரிசி சாப்பிட்ட பக்கத்தில் அந்த நோயால் ஒருவர்கூட இறக்கவில்லை.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலும் உள்ள விற்றமின் பி1 அரிசிமணியின் உள்ளே இறங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு எவ்வளவு தீட்டினாலும் ஒரு பங்கு உள்ளேயே தங்கிவிடும். பச்சையரிசியைத் தீட்டினால் தவிட்டோடு அதுவும் போய்விடும். நெல்லை அவித்துப் பாயில் பரப்பிக் காயவிட்டு, உரலில் குத்திய யாழ்ப்பாணத்துப் பெண்களுக்கு விற்றமின் என்ற சொல்லே தெரியாது. ஆனாலும் அவர்களுடைய கைவேலை அந்தச் சத்தைக் காப்பாற்றிக்கொண்டே இருந்தது.

இந்தக் கதையில் மனத்தை உறுத்தும் ஒன்றும் உண்டு. அந்த நோயாளிகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. நோய் வந்த பிறகும் அவர்களில் பலருக்குத் தீட்டிய அரிசியே கொடுக்கப்பட்டது. இன்றைய மருத்துவ ஆய்வு நெறிகள் அப்படிச் செய்ய அனுமதிப்பதில்லை. ஆய்வில் என்ன நடக்கும் என்பதைப் பங்குபற்றுபவருக்கு விளக்கிச் சொல்லி, அவருடைய ஒப்புதலைப் பெற வேண்டும். ஒரு நெறிமுறைக் குழு முன்கூட்டியே அதைப் பரிசீலிக்க வேண்டும். பங்குபற்றுபவர் விரும்பினால் எந்த நேரமும் விலகிக்கொள்ளலாம்.

பிளெச்சர் ஒற்றை, இரட்டை என்று பிரித்தாரே, அந்த யோசனை இன்றும் வாழ்கிறது. இப்போது கணினி சீட்டுக் குலுக்கி, யார் எந்தப் பக்கம் என்று தீர்மானிக்கிறது. இன்னுமொரு நல்ல வழி, ஒரே ஆளுக்குக் கொஞ்ச நாள் ஒரு உணவையும் பிறகு கொஞ்ச நாள் மற்ற உணவையும் கொடுத்துப் பார்ப்பது. அப்போது அவரை அவரோடேயே ஒப்பிடலாம்.

சென்னையில் வைத்தியர் வி. மோகனின் நீரிழிவு ஆய்வு நிறுவனத்தினர் தீட்டாத அரிசியை அப்படித்தான் சோதித்தார்கள். 2014இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் உடல் எடை கூடிய 15 பேர் பங்குபற்றினார்கள். ஐந்து நாள் வெள்ளை அரிசி, ஐந்து நாள் தீட்டாத அரிசி, இன்னொரு ஐந்து நாள் தீட்டாத அரிசியோடு பருப்புவகை. தோலில் ஒட்டிய சின்னக் கருவி இரவுபகலாகக் குளுக்கோசை அளந்துகொண்டே இருந்தது. தீட்டாத அரிசி உண்ட நாட்களில் குளுக்கோசின் ஏற்றம் ஏறக்குறைய 20 சதவீதம் குறைவாக இருந்தது. மொட்டைக்கறுப்பன் அரிசிச் சோறு சாப்பிடும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைக் கேட்கச் சந்தோசமாக இருக்கும்.

அவர்கள் அதோடு நிற்கவில்லை. 166 பேரைச் சேர்த்து, ஒவ்வொரு வகை அரிசியையும் மூன்று மாதம் கொடுத்து மறுபடியும் பார்த்தார்கள். 2019இல் முடிவு வந்தது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது, சில மாத இரத்தச் சீனியைச் சராசரியாகக் காட்டும் பரிசோதனையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்பு போன்றவற்றில் ஏற்கெனவே பல கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் கொஞ்சம் நன்மை தெரிந்தது. முதல் ஆய்வு பொய்யாகிவிட்டதா? இல்லை. ஐந்து நாளில் தெரிவது வேறு, மூன்று மாதத்தில் தெரிவது வேறு. தங்களுடைய முதல் முடிவையே மறுபடி சோதித்து, வந்த விடையை மறைக்காமல் வெளியிட்ட அந்த ஆராய்ச்சியாளர்களை நான் மதிக்கிறேன்.

சாப்பாட்டு ஆய்வு ஏன் இவ்வளவு கடினம் தெரியுமா? மருந்தைச் சோதிக்கும்போது ஒருவருக்கு உண்மையான குளிசை, மற்றவருக்கு அதேபோலத் தோன்றும் வெற்றுக் குளிசை என்று கொடுக்கலாம். யார் எதை விழுங்கினார் என்று அவருக்கே தெரியாது. பிட்டை எப்படி மறைப்பது? அதுமட்டுமா, ஆய்வில் இருப்பவர் பின்னேரம் கடைக்குப் போய் இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டுவிட்டு, சொல்லாமலும் விட்டுவிடலாம்.

இந்தச் சிக்கலைத் தீர்க்க அமெரிக்காவில் கெவின் ஹால் என்ற ஆராய்ச்சியாளர் 20 பேரை நான்கு வாரம் ஆய்வு வைத்தியசாலையிலேயே தங்கவைத்தார். இரண்டு வாரம் தொழிற்சாலையில் பக்குவப்படுத்திப் பொதிசெய்த உணவுகள். இரண்டு வாரம் அரிசி, காய்கறி, இறைச்சி, பழம் என்று சமையலறையில் சமைத்த உணவுகள். மேசையில் வைத்த இரண்டு வகைச் சாப்பாட்டிலும் கலோரி, சீனி, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் சமமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். ‘விரும்பிய அளவு சாப்பிடுங்கள்’ என்றார்கள். பொதி உணவு வாரங்களில் அதே மனிதர்கள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி அதிகமாகச் சாப்பிட்டார்கள், வேகமாகவும் சாப்பிட்டார்கள். இரண்டே வாரத்தில் சராசரியாக 0.9 கிலோ எடை ஏறியது. சமைத்த உணவு வாரங்களில் அதே 0.9 கிலோ இறங்கியது. 2019இல் வெளிவந்த இந்த ஆய்வை நினைத்துக்கொண்டு, உங்கள் பாடசாலைக்குப் பக்கத்துக் கடையில் தொங்கும் பைக்கற்றுகளை ஒருதரம் பாருங்கள். குளிர்பானப் போத்தலிலும் ஒரு வட்டம் இருக்கும். சீனியின் அளவைக் காட்டச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை என்று 2016இல் இலங்கை அரசு கொண்டுவந்த அடையாளம் அது.

வீட்டில் அடிக்கடி பேச்சுக்கு வரும் இன்னொன்று, முதல்நாள் வடித்து மறுநாள் சாப்பிடும் பழஞ்சோறு. சோறு ஆறும்போது, அவிந்து விரிந்த மாலைகளில் சில மறுபடியும் நெருக்கமாக அடுக்கிக்கொள்கின்றன. நொதியத்தால் அவற்றை இலேசில் அறுக்க முடியாது. அவை சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலுக்குப் போய், அங்கே வாழும் நல்ல பற்றீரியாக்களுக்கு உணவாகின்றன. இதற்கு எதிர்ப்பு மாப்பொருள் என்று பெயர். 2015இல் கொழும்பு இரசாயனக் கல்லூரியைச் சேர்ந்த சுதைர் ஜேம்ஸ் என்ற மாணவர், பேராசிரியர் புஷ்பராஜா தவராஜாவின் வழிகாட்டலில் செய்த ஆய்வு உலகச் செய்தியானது. கொதிக்கும் தண்ணீரில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் விட்டு அரிசியை வேகவைத்து, 12 மணி நேரம் குளிரூட்டினால் எதிர்ப்பு மாப்பொருள் பல மடங்கு கூடுகிறது என்றார்கள். ஆனால் அது ஆய்வுகூடத்தில் கண்டது, மனிதரில் அளந்தது அல்ல. அதே வருடம் இந்தோனேசியாவில் வேறொரு குழு, எண்ணெய் சேர்க்காத சோற்றை எடுத்து, ஆரோக்கியமான 15 பேரில் சோதித்தது. புதிதாக வடித்த சோற்றை ஒரு நாளும், 24 மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மறுபடி சூடாக்கிய சோற்றை இன்னொரு நாளும் கொடுத்து அளந்தார்கள். குளிரவைத்த சோற்றின் கோடு தாழ்வாக ஏறியது. நமது வெயிலுக்கு, சோற்றை நெடுநேரம் வெளியே விட்டால் கெடுதலான பற்றீரியா பெருகிவிடும் என்பதையும் மறக்கக்கூடாது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலும், குடல் நோயாளிகளுக்குப் பழஞ்சோறு எவ்வளவு உதவும் என்று ஆராயத் தமிழ்நாட்டு அரசு நிதி ஒதுக்கியது.

ஒடியலுக்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு. பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். 1970களின் தொடக்கத்தில் பேராதனையில் அர்சகுலரத்னவும் மற்ற விஞ்ஞானிகளும் பனங்கிழங்கு மாவை எலிகளுக்குத் தொடர்ந்து கொடுத்துப் பார்த்தபோது, அவற்றின் ஈரல் பாதிக்கப்பட்டதைக் கண்டார்கள். கேட்கப் பயமாக இருக்கிறதல்லவா? எலிக்கு நாள்தோறும் கொடுத்த மாவும், நாம் எப்போதாவது குடிக்கும் கூழும் ஒன்றல்ல. பின்னாளில் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் எரிக் ஜான்சின் குழுவினர் மறுபடி ஆராய்ந்து, அந்த மாவில் நரம்பைத் தாக்கும் தன்மை இருப்பதையும், போதிய நேரம் சூடாக்கினால் அது நீங்கிவிடுவதையும் காட்டினார்கள். கூழ்ப் பானை நண்டும் மீனும் பயற்றங்காயும் பலாக்கொட்டையுமாக நெடுநேரம் கொதிப்பது சுவைக்காக மட்டும் என்று நினைத்திருந்தால், இப்போது இன்னொரு காரணமும் தெரிந்துவிட்டது. பச்சை ஒடியல் மாவை அள்ளி வாயில் போடும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

நம்முடைய சாப்பாட்டை அளக்க வருபவர்களுக்கு முதல் தடை ஒன்று இருக்கிறது. அதைத் தீர்க்க நீங்களே உதவலாம். ‘ஒடியற்பிட்டு’ என்று ஆய்வாளர் எழுதினால், எந்த வீட்டு ஒடியற்பிட்டு? ஒரு வீட்டில் பாதிக்குப் பாதி தேங்காய்ப்பூ, இன்னொரு வீட்டில் கொஞ்சம் கோதுமை மாவும் சேரும். தேங்காய்ப்பூவின் கொழுப்பும் நாரும் குளுக்கோசின் ஏற்றத்தைத் தாமதப்படுத்தும் என்பதால், இரண்டு பிட்டும் ஒரே கோட்டை வரையமாட்டா. அம்மம்மாவைக் கேட்டால் ‘ஒரு கை மா, கண்மட்டத்துக்குத் தண்ணி’ என்பார். அடுத்தமுறை அவர் பிட்டுக் குழைக்கும்போது பக்கத்தில் ஒரு தராசையும் கொப்பியையும் வைத்துக்கொள்ளுங்கள். அவர் அள்ளும் ஒவ்வொரு கையையும் நிறுத்து, மா எத்தனை கிராம், தேங்காய்ப்பூ எத்தனை கிராம், தண்ணீர் எத்தனை மில்லிலீற்றர், எத்தனை நிமிடம் ஆவியில் இருந்தது என்று எழுதுங்கள். பிறகு பெரியம்மா வீட்டுக்குப் போய், அங்கேயும் அதையே செய்து, இரண்டு கணக்கையும் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள்.